1/48 மிக்-21: கடலோர ஈரக்காற்றில் வெள்ளிப் பூச்சு சரியாக வருமா?

வெள்ளிச்சிறகு
எல்லோருக்கும் வணக்கம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுத்ததைப் பார்த்ததிலிருந்து அதன் பிளாஸ்டிக் மாடல் ஒன்று செய்யக் கை பரபரக்கிறது. பச்சையும் பழுப்பும் செய்தாயிற்று, சாம்பல் நிற பைசனை (மிக்-21-இன் மேம்படுத்திய பிந்தைய வகை) ஊரே செய்கிறது. எனக்கு வேண்டியது அறுபதுகளில் வந்த எஃப்எல் வகை, நம் ஆட்கள் டைப் 77 என்று சொல்வார்களே அது, பெயின்ட் இல்லாத வெறும் அலுமினிய உடம்போடு. கையில் இருப்பது எட்வர்ட் கம்பெனியின் 1/48 (நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு) மிக்-21பிஎஃப் கிட். ஏர்பிரஷ் 0.3 நாசில், சின்ன கம்ப்ரசர். இதுவரை ஆக்ரிலிக் மட்டும்தான் அடித்திருக்கிறேன். வெள்ளி என்றால் லாக்கர்தான் (தின்னர் வேகமாக ஆவியாகிக் காயும் பெயின்ட்) என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். ஆனால் நான் இருப்பது சென்னையில், கடல் கூப்பிடு தூரம், துவைத்த துணியே ரெண்டு நாள் ஆகும் காய. இந்தக் காற்றில் லாக்கர் பளபளப்பாக நிற்குமா? கறுப்பு அடியில் போடு என்கிறார்கள், அது எதற்கு? அப்புறம் மேலே டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலம்) ஒட்டினால் வெள்ளியின் மினுக்கு போய்விடாதா?

லாக்கர்வாசம்
சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன், ஈரத்தைப் பற்றி எனக்கே பாடமா 😀. நிற்கும், கவலை வேண்டாம். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். லாக்கர் தின்னர் படுவேகமாக ஆவியாகிறது, ஆவியாகும்போது பெயின்ட் பரப்பைக் குளிரவைக்கிறது, குளிர்ந்த பரப்பில் காற்றில் இருக்கும் ஈரம் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் வெள்ளையாகப் பூத்துப்போவது. கறுப்பு பளபளப்பில் இது பளிச்சென்று தெரியும், வெள்ளியில் வெறும் மங்கலாகத் தெரியும், நீங்கள் பெயின்ட் மட்டம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

செய்ய வேண்டியது, மெதுவாகக் காயும் தின்னர். மிஸ்டர் ஹாபி லெவலிங் தின்னரில் ரிடார்டர் (காய்வதை மெதுவாக்கும் பொருள்) ஏற்கெனவே கலந்திருக்கிறது, அதைப் போட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. பூத்துப்போன பின்னாலும் அந்தத் தின்னரை மட்டும் மிக மெல்லிசாகத் தூவினால் பரப்பு லேசாக இளகி, உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறி மறுபடி தெளிந்துவிடும். ஏசி அறையில் ஒரு மணி நேரம் ஏசியை ஓடவிட்டு அப்புறம் அடியுங்கள், ஏசி ஈரத்தையும் இழுத்துவிடும். ஏசி இல்லை என்றால் மத்தியானம் அடியுங்கள், விடிகாலையும் ராத்திரியும் வேண்டாம். வெயில் ஏறினால் காற்றின் ஈரப்பதம் இறங்கும். கம்ப்ரசரில் ஈரப்பொறி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் குழாய்க்குள் வேர்த்து, நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் துப்பும்.

முக்கியமான ஒன்று: கோவிட் காலத்துத் துணி மாஸ்க் போட்டுக்கொண்டு லாக்கர் அடிக்காதீர்கள். கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய முகமூடி வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்பதெல்லாம் கணக்கில் சேராது. ஏசி அறையில் அடிப்பதானால் ஆவியை வெளியே தள்ளும் விசிறிப் பெட்டியும் கட்டாயம்.

தூரிகைக்காரன்
ஆரம்பிச்சுட்டாங்கய்யா. ஒரு மிக் செய்ய ஏசி, கம்ப்ரசர், விஷவாயு முகமூடி. பிரஷ்ஷாலேயே செய்யலாம் ப்ரோ. ஹம்ப்ரால் மெட்டல்கோட் என்று ஒரு எனாமல் வரிசை இருக்கிறது, பாலிஷ்டு அலுமினியம் 27002. மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, பழைய பருத்தித் துணியால் தேய்த்தால் மினுக்கு ஏறும். எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு. ஒரு பேனலை (உடம்பின் ஒரு தகட்டை) நன்றாகத் தேய், பக்கத்துப் பேனலைப் பாதி தேய், ஒரே டப்பாவில் ரெண்டு உலோகம் கிடைக்கும்.

லாக்கர்வாசம்
மெட்டல்கோட் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் கை பட்டால் அழியும், மாஸ்கிங் டேப் ஒட்டினால் டேப்போடு வரும். மிக்-21-இல் மூக்குக் கூம்பும் வால் நுனியும் பச்சை, சக்கர நடுவட்டும் பச்சை. கூம்பும் சக்கரமும் தனிப் பாகங்கள், தனியாக அடித்து மாட்டலாம். வால் நுனிக்கு மாஸ்க் இல்லாமல் என்ன செய்வீர்கள்?

தூரிகைக்காரன்
பச்சையை முதலில் பூசி, அதை மூடிவிட்டு வெள்ளி. சிம்பிள்.

பழைய_கிட்
சண்டையை அப்புறம் போடுங்கள். வெள்ளிச்சிறகு தம்பி, பெயின்டைத் தொடும் முன் கிட்டைப் பாருங்கள். பிஎஃப் வாங்கியது சரியான தேர்வு. எஃப்எல் அந்தக் குடும்பம்தான். பின்னால் வந்த எம்எஃப், பிஐஎஸ் வகைகளின் கிட்டை வாங்கி எஃப்எல் எழுத்து ஒட்டுகிறவர்கள் உண்டு, அது தூரத்திலேயே தெரிந்துவிடும். பின்னால் வந்தவற்றில் முதுகு தடித்திருக்கும், இறக்கைக்கு அடியில் ஆயுதம் மாட்டும் பைலான் நாலு. எஃப்எல்லுக்கு ரெண்டுதான். கனோபியும், அதாவது விமானிக்கு மேலே உள்ள கண்ணாடி மூடியும், கவனியுங்கள்: எஃப்எல்லில் முன்கண்ணாடியும் சேர்ந்து மொத்தமாக முன்பக்கக் கீலில் மேலே தூக்கும், பிஎஃப்எம் முதல் முன்கண்ணாடி தனி, கனோபி வலப்பக்கம் சாயும். பிட்டோ குழாய் (வேகம் அளக்க மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்) இவற்றுக்கு மூக்கின் மேலே நட்டநடுவில், பின்னால் வந்த வகைகளில்தான் வலப்பக்கம் தள்ளிப்போனது. எஃப்எல்லின் வால் துடுப்பு அகலமானது. பெட்டியில் ரெண்டு வகைத் துடுப்பு இருந்தால் படத்தோடு ஒப்பிட்டு அகலமானதை எடுங்கள்.

உள்ளே பீரங்கி கிடையாது எஃப்எல்லுக்கு. வேண்டுமென்றால் வயிற்றுக்கு அடியில் ஜிபி-9 பெட்டி, அதற்குள் ஜிஎஸ்எச்-23. இறக்கையில் ரெண்டு கே-13 ஏவுகணை, இல்லாவிட்டால் ராக்கெட் கூடு. 1971 டிசம்பர் 14-ல் டாக்கா கவர்னர் மாளிகையை 28-வது ஸ்க்வாட்ரன் அடித்தது 57 மிமீ ராக்கெட்டால்தான். ஆனால் போர்க்கால விமானம் செய்வதானால் வெள்ளி ஆசையைக் கொஞ்சம் யோசியுங்கள், அந்தச் சமயத்தில் பல எஃப்எல்களின் வெள்ளி உடம்பின் மேல் கையால் பச்சையும் பழுப்பும் அப்பிவிட்டார்கள். எனக்கென்னவோ அதுதான் இன்னும் அழகு, ஓரம் தேய்ந்து அடியில் வெள்ளி எட்டிப்பார்க்கும்.

வெள்ளிச்சிறகு
அண்ணா, ரொம்ப நன்றி. போருக்கு முந்தையதே போதும், சுத்த வெள்ளி. வால் துடுப்பைப் பார்த்துவிடுகிறேன். கறுப்பு எதற்கு என்று யாரும் சொல்லவில்லையே?

லாக்கர்வாசம்
சொல்கிறேன். ஆல்கிளாட் என்ற லாக்கர் உலோக நிற வரிசையில் ரெண்டு ஜாதி இருக்கிறது. சாதா அலுமினியம், டார்க் அலுமினியம், ஸ்டீல் இவையெல்லாம் சாம்பல் பிரைமர் மேலேயே உட்காரும். ஏர்ஃப்ரேம் அலுமினியம், பாலிஷ்டு அலுமினியம், குரோம் இந்த மூன்றும் வேறு. இவற்றின் படலம் கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும், துகள் அவ்வளவு நுண்மை. அடியில் இருக்கும் கறுப்புதான் அதற்கு ஆழம் கொடுக்கிறது, அடியில் இருக்கும் வழவழப்புதான் அந்தத் துகளைப் படுக்கவைக்கிறது. துகள் படுத்தால் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பும், தாறுமாறாக நின்றால் வெறும் சாம்பல். அதனால் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது வெள்ளியில் அல்ல, கறுப்பில். கறுப்பில் உங்கள் முகம் தெரியவில்லை என்றால் வெள்ளியில் எதுவும் தெரியப்போவதில்லை.

நடைமுறையில் இப்படி: ஒட்டிய இணைப்புகளில் பட்டி பார்த்து, உப்புத்தாளில் 400, 600, 1000, அப்புறம் 2000 வரை தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். சாதாரண கேமோ (பச்சை, பழுப்பு மறைப்பு நிறம்) விமானத்துக்கு 600-லேயே நிறுத்திவிடுவோம், மேலே வரும் பெயின்ட் கீறலை மூடிவிடும். வெள்ளி மூடாது, கீறலைக் கூப்பிட்டுக் காட்டும். அதற்கு மேல் மிஸ்டர் சர்ஃபேசர் 1500 கறுப்பு பிரைமர், லேசாகத் தேய்ப்பு, பளபளப்புக் கறுப்பு மூன்று நாலு மெல்லிய பூச்சு. ஒரு முழு நாளாவது விடுங்கள். அப்புறம் வெள்ளியை 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், தூரத்தில் அடிக்காமல் நெருங்கி, மிக மெல்லிசாக, தின்னர் சேர்க்காமல் பாட்டிலில் இருந்தபடியே. கறுப்பு மறைந்ததும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு கோட் என்று கை போகும், அதில்தான் குரோம் சாம்பலாகும்.

நட்டுபோல்ட்டு
இழையை இன்றுதான் பார்த்தேன். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவன், மிக் ஸ்க்வாட்ரனில் ஊறியவன். கிட் எதுவும் செய்ததில்லை, பேரன் செய்கிறான், அவனுக்காக இங்கே எட்டிப்பார்ப்பேன். நீங்கள் எல்லாம் பளபளப்பு பளபளப்பு என்கிறீர்கள். வரிசையில் நிற்கும் மிக் கண்ணாடி மாதிரி இருக்காது. தகடு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. மூக்கு வளையம் ஒரு நிறம், நடு உடம்பு ஒரு நிறம், வாலில் எக்ஸாஸ்ட் பக்கம் வரவர மஞ்சளும் நீலமும் கலந்த கறுப்பு ஏறிக் கிடக்கும். சூடு வாங்கிய உலோகம் அது, அழுக்கு அல்ல, துடைத்தால் போகாது.

இன்னொன்று. இறக்கைக்குப் பின்னால் உடம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும், பாருங்கள். என்ஜினைக் கழற்ற வேண்டுமானால் அந்த இடத்தில் வால் பகுதி மொத்தத்தையும் பிரித்து டிராலியில் பின்னால் இழுப்போம். அந்தக் கோட்டில் எப்போதும் கை பட்டுக்கொண்டே இருக்கும், ஸ்பேனர் வழுக்கிய கீறல், கிரீஸ், விரல் தடம். பக்கத்தில் இருக்கும் இறக்கைத் தகட்டின் இணைப்பை வருஷக்கணக்கில் யாரும் தொடமாட்டோம். பேரன் செய்ததைப் பார்த்தேன், எல்லாக் கோட்டிலும் ஒரே மாதிரி கறுப்பு மை ஊற்றியிருக்கிறான். விமானம் அப்படி இருக்காது.

பழைய_கிட்
சார், வணக்கம். இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழை இருக்கலாம். இதைத்தான் நானும் கத்திக்கொண்டிருக்கிறேன். கணக்குப் பாருங்கள்: 1/48-இல் ஒரு பேனல் கோடு (தகடுகள் சேரும் கோடு) 0.2 மிமீ அகலம் என்று வையுங்கள், நிஜத்தில் அது கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் இடைவெளி. 1/72-இல் ஒன்றரை சென்டிமீட்டர், விரலே போகும். ஏற்கெனவே மிகையான ஒன்றை எடுத்து அதில் கறுப்பு வேறு ஊற்றுகிறோம். இப்போது கண்காட்சிக்குப் போனால் எல்லா ஜெட்டும் கட்டம் போட்ட லுங்கி மாதிரி இருக்கிறது.

கண்ணாடிக்கூரை
ஒரு நிமிஷம். நான் அந்த லுங்கிக் கட்சிதான், அடிக்க வராதீர்கள். மேசையில் 15 சென்டிமீட்டர் இறக்கை அகலத்தில் இருக்கும் ஒரு பொருளை ரெண்டடி தூரத்தில் நின்று பார்க்கிறோம். நிஜ விமானத்தில் வெயில் விழும், நிழல் விழும், தகடு தகடாகத் தனித்தனியே தெரியும். டியூப்லைட்டுக்குக் கீழே அது எதுவும் இல்லை, பெயின்டால்தான் கொடுக்க வேண்டும். கோடுகளை அப்படியே விட்டால் பொம்மைக்கடை பொம்மை. கொஞ்சம் மிகை வேண்டும், எவ்வளவு என்பதில்தான் தகராறு.

பழைய_கிட்
கொஞ்சம் என்றால் சரி. வெள்ளிக்கு முன்நிழல் (மேல் நிறத்துக்கு முன் கோடுகளில் அடிக்கும் கருமை) போடுவதும் வெயில் வெளுப்பு காட்டுவதும் எதற்கு? வெள்ளியில் நிழல் காட்ட நிறைய வழி இருக்கிறது, பேனலுக்குப் பேனல் உலோகத்தை மாற்றினாலே போதும். அமெரிக்க எஃப்-100 பாருங்கள், பின்பாதி மட்டும் சூட்டில் வெந்து ஊதாவும் வைக்கோல் நிறமுமாக, முன்பாதி சுத்தம். ஒரு சொட்டு கறுப்பு மை இல்லாமல் அந்த விமானத்தைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

லாக்கர்வாசம்
கறுப்பு மை வேண்டாம் என்பதில் நானும் உடன்படுகிறேன், வெள்ளிக்கு நடுத்தரச் சாம்பல் போதும். வேறு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. கடையில் கிடைக்கும் பேனல் லைன் மை பெரும்பாலும் எனாமல். லாக்கர் வெள்ளிமேல் ஊற்றினால் பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில், அதுவும் இறுக்கி ஒட்டிய இடத்தில், அந்தத் தின்னர் தேங்கினால் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று விரிசல் விடும். சக்கரக் குழிக்குள் மை தேங்கி, மறுநாள் காலையில் சக்கரக்கால் தனியாக வந்தது என்று புலம்பாத ஆள் கிடையாது. ஊற்றாதீர்கள், கோட்டில் தொட்டுத் தொட்டு வைத்து, ஒற்றி எடுத்துவிடுங்கள்.

தூரிகைக்காரன்
தகடுக்குத் தகடு நிறம் மாற வேண்டும் என்றால் பெயின்டே வேண்டாமே. சமையலறை அலுமினிய ஃபாயில். நிஜமாகத்தான் சொல்கிறேன். மைக்ரோஸ்கேல் ஃபாயில் பசை என்று ஒன்று இருக்கிறது, ஃபாயிலின் பின்பக்கம் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, பேனல் அளவுக்கு வெட்டி ஒட்டி, பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, கோட்டோடு புது பிளேடால் அறுத்துவிடுவது. ஃபாயிலுக்கு மினுக்குப் பக்கம் ஒன்று, மங்கல் பக்கம் ஒன்று. ரெண்டையும் மாற்றி மாற்றி ஒட்டு. ஸ்டீல் கம்பளியால் ஒரு தகட்டை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் லேசாகத் தேய், வெளிச்சத்தில் திருப்பினால் ஒன்று கறுக்கும் ஒன்று வெளுக்கும். உலோகத்தை உலோகம் மாதிரி காட்ட உலோகத்தை விட வேறென்ன இருக்கிறது? சார் சொன்ன அந்த எக்ஸாஸ்ட் நிறம், அதையும் ஃபாயில் மேல் டிரான்ஸ்பரன்ட் நீலமும் மஞ்சளும் தொட்டு வைத்தால் கிடைக்கும். நாள் ஆகும், பொறுமை வேண்டும், மூக்கு வளையம் மாதிரி ரெட்டை வளைவு வரும் இடத்தில் சுருங்கிக்கொண்டு உயிரை வாங்கும். அங்கே மட்டும் உங்கள் லாக்கரை அடித்துக்கொள்ளுங்கள், தடுக்கவில்லை.

நட்டுபோல்ட்டு
ஃபாயில் யோசனை பிடித்திருக்கிறது. பேரனிடம் சொல்கிறேன்.

வெள்ளிச்சிறகு
எனக்குத் தலை சுற்றுகிறது 😅 ஆனால் பாதை தெரிகிறது. உடம்புக்கு ஏர்ஃப்ரேம் அலுமினியம், பழக்கம் பிடிபட்டால் இறக்கையில் நாலைந்து தகடு ஃபாயில். பேட்ஜ், எண் எல்லாம் டெக்கால். அதற்கு மேலே வார்னிஷ் அடிக்க வேண்டுமா?

லாக்கர்வாசம்
வேண்டாம், அடித்தால் மொத்த உழைப்பும் வெள்ளிப் பெயின்டாகிவிடும். டெக்காலுக்கு முன் பளபளப்பு வார்னிஷ் அடிப்பது ஏன்? சொரசொரப்பான பரப்பில் படலத்துக்கு அடியில் காற்று மாட்டி வெள்ளி பூத்த மாதிரி தெரியும், அதைத் தவிர்க்கத்தான். நீங்கள் அடித்திருக்கும் வெள்ளி ஏற்கெனவே கண்ணாடி, நேரடியாக ஒட்டலாம். படலத்தின் ஓரம்தான் தெரியும். எழுத்தை ஒட்டி வெட்டுங்கள். எட்வர்ட் இப்போது சொந்தமாக அச்சடிக்கும் டெக்கால் என்றால் இன்னும் வசதி, ஒட்டிக் காய்ந்தபின் வொயிட் ஸ்பிரிட்டில் நனைத்து மேல்படலத்தை மட்டும் உரித்துவிடலாம், அச்சு மட்டும் தங்கும்.

பழைய_கிட்
இந்திய வட்டத்துக்கு ஒரு விஷயம். வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. மலிவான டெக்காலில் காவிக்கு அடியில் வெள்ளை அச்சு இருக்காது, வெள்ளி விமானத்தில் ஒட்டினால் காவி மங்கிப் பழுப்பாகிவிடும். முதலில் ஒரு வெள்ளை வட்டம் ஒட்டி அதன் மேல் இதை ஒட்டுங்கள், அல்லது வட்டத்தை மாஸ்க் வைத்து பெயின்டே அடித்துவிடுங்கள். மாஸ்கிங் டேப்பை வெள்ளிமேல் ஒட்டும் முன் உள்ளங்கையில் ரெண்டு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு அருங்காட்சியகத்தை நம்ப வேண்டாம். தில்லியில் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது, ஊர் ஊருக்கு வாசலில் கம்பத்தில் நிற்கிறது, எல்லாம் வெயிலுக்காகத் திரும்பத் திரும்ப அடித்த பெயின்ட். வடிவத்துக்குப் பாருங்கள், அளவெடுங்கள், நிறத்துக்குப் பறந்த காலத்துப் படம்தான்.

கண்ணாடிக்கூரை
மூக்குக்குள் எடை போட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. ஒட்டி மூடும் முன் போட வேண்டும், இல்லாவிட்டால் வாலில் உட்காரும். தூண்டில் ஈயம் போட்டால் ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் ஒட்ட வேண்டாம், ஈயம் அதோடு வினைபுரிந்து மெல்ல உப்பி, சில வருஷத்தில் மூக்கைப் பிளந்துவிடும். எபாக்சியில் ஒட்டுங்கள். கனோபிக்குப் பக்கத்தில் ஃபெவிக்விக் கொண்டுபோக வேண்டாம், ஆவியில் கண்ணாடி பனி பூத்துவிடும். அதற்குத்தான் வெள்ளைப் பசை.

வெள்ளிச்சிறகு
அப்படியென்றால் எபாக்சியில் ஸ்டீல் பால்ரஸ். இந்த வாரம் காக்பிட், எடை, உடம்பு ஒட்டுதல். கறுப்பு அடித்ததும் படம் போடுகிறேன், முகம் தெரிகிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

நட்டுபோல்ட்டு
தம்பி, பிட்டோ குழாயைக் கடைசியில் மாட்டுங்கள். நிஜ விமானத்திலேயே அதில் இடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர், சிவப்பு உறை போட்டு ரிப்பன் கட்டிவிடுவோம். கிட்டில் இருப்பது பிளாஸ்டிக், சட்டை நுனி பட்டால் போச்சு என்று பேரன் சொல்கிறான்.

பழைய_கிட்
மாஸ்டர் கம்பெனி பித்தளையில் கடைந்து விற்கிறது சார், மிக்-21-க்கே தனியாக. தம்பி, வாங்கும்போது எந்த வகைக்கு என்று பார்த்து வாங்குங்கள், பிஐஎஸ்-க்கு உள்ளது உங்களுக்குச் சேராது.